சைலன்சர் சூடும் வாரன்டி சண்டையும்: லாரி உரிமையாளர்கள் கேட்கிறார்கள்

கேள்வி: லோடுடன் ஏற்றத்தில் போகும்போது டர்போ (புகை வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் பாகம்) பக்கத்து ஒயரிங் உருகி, வண்டி நின்றுவிட்டது. வாரன்டி காலம் இன்னும் இருக்கிறது. ஆனால் "வெளிச்சூட்டால் வந்த சேதம்" என்று சொல்லி சர்வீஸ் சென்டரில் கைவிரிக்கிறார்கள். என்ன செய்வது?

வெளிச்சூடு என்றால் எந்தச் சூடு, எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். முழு லோடில் டர்போவுக்குள் போகும் புகை 600 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது டீசல் இன்ஜினுக்கு வழக்கமானதுதான். அந்தச் சூட்டுக்கு எட்டாத தூரத்தில் ஒயரிங்கைப் பிடித்துவைக்கத்தான் கிளிப்பும் தகரத் தடுப்பும் இருக்கின்றன. அப்படியும் உருகியது என்றால் ஏதோ ஒன்று இடம் மாறியிருக்க வேண்டும், அல்லது சூடு அளவு மீறியிருக்க வேண்டும்.

முதலில் மேனிஃபோல்டும் (இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் வார்ப்பிரும்புக் குழாய்) இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டும் சேரும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். இடையில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் ஊதியிருந்தால் அங்கே கரிக்கோடு படிந்திருக்கும். மேனிஃபோல்டு சூட்டில் நீளும்போது ஓர இழுப்பு அதிகம் என்பதால், அதை இறுக்கிப் பிடிக்கும் திருகுக் கம்பிகளான ஸ்டட்களில், இரு கோடிகளில் இருப்பவைதான் பெரும்பாலும் முதலில் உடையும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் "டிக் டிக்" சத்தம் கேட்டு, சூடானதும் அது அடங்கினால் இந்தக் கசிவாக இருக்க வாய்ப்பு அதிகம். கசியும் புகை ஒரே இடத்தில் பீய்ச்சி அடிப்பதால், எதிரே இருக்கும் ஒயர் சீக்கிரமே தீய்ந்துவிடும். ஸ்டட்டோ கேஸ்கெட்டோ தானாகப் போயிருந்தால் அது பாகத்தின் கோளாறு. அதனால் கருகிய ஒயரிங்கையும் சேர்த்தே கேளுங்கள்.

தடுப்புத் தகரம் இல்லை என்றால் பழைய ஜாப் கார்டுகளை (சர்வீஸ் வேலைச் சீட்டுகள்) புரட்டுங்கள். டர்போவையோ இஜிஆர் கூலரையோ (புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் அமைப்பில், அதை ஆறவைக்கும் பாகம்) கழற்றிய வேலை எது, அதைச் செய்தது யார் என்று அதில் இருக்கும். கழற்றிய தகரத்தை மாட்டாமல் விட்டது அதே சர்வீஸ் சென்டர்தான் என்றால் பொறுப்பு அவர்களுடையது, பேச்சு அத்தோடு முடிந்தது.

உங்கள் பக்கம் பலவீனமான இடமும் உண்டு. ஏர் ஃபில்டர் அடைத்தாலும், டர்போ தரும் காற்றை ஆறவைக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிழிந்தாலும் காற்று குறைந்து புகைச் சூடு ஏறும். ஃபில்டர் மாற்றிய பில் கையில் இல்லையென்றால் "பராமரிப்பு இல்லை" என்று சொல்ல அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். பவர் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரில் சிப் மாற்றியிருந்தால் இந்தச் சேதத்துக்கு வாரன்டி கேட்டு ஜெயிப்பது மிகக் கடினம்.

இனிச் சொல்வதை, இன்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். இன்ஜின் கம்ப்யூட்டரில் பதிவான எரர் கோடுகளையும், கோளாறு நேரத்து அளவுகள் பதிவான ஃப்ரீஸ் ஃபிரேமையும் அழிப்பதற்கு முன் பிரின்ட் வாங்குங்கள்; அழித்துவிட்டால் அந்தப் பதிவு திரும்பக் கிடைக்காது. கருகிய இடத்தை எட்டத்திலிருந்தும் கிட்டத்திலிருந்தும் படம் எடுங்கள். ஜாப் கார்டில் "ஒயரிங் சரி செய்ய" என்று மட்டும் எழுத விடாதீர்கள். "ஓட்டத்தில் டர்போ அருகே ஒயரிங் உருகி வண்டி நின்றது, காரணம் கண்டறிய" என்று எழுத வையுங்கள். பழைய கேஸ்கெட், ஸ்டட், ஒயர் எல்லாம் உங்களிடமே இருக்கட்டும். வாரன்டி மறுப்பை, எந்த விதியின் கீழ் என்ற குறிப்போடு எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், அவர்கள் வாயால் சொன்னதை நீங்களே தேதியோடு மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். வண்டி ஓடியே ஆக வேண்டும் என்றால், "வாரன்டி உரிமையை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன்" என்று பில்லில் எழுதிவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கேள்வி: டிபிஎஃப் (புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) தன்னைத்தானே சுத்தம் செய்யும்போது வரும் சூட்டில் மட்கார்டு ரப்பர் சுருங்கிவிட்டது. இது சகஜம் என்கிறார்களே?

சூடு சகஜம், ரப்பர் சுருங்குவது சகஜமல்ல. ஃபில்டரில் சேர்ந்த கரியை எரிக்க 550 முதல் 650 டிகிரி வரை தேவை. அந்தச் சூடு வெளியே வரும் இடத்தில் ஆற வேண்டும் என்பதற்காகவே பல வண்டிகளில் குழாய் முனையில் வெளிக்காற்றைக் கலக்கும் அமைப்பு இருக்கும். அதை வெட்டினாலோ, முனைக்குமேல் வேறு குழாய் மாட்டினாலோ சூடு ஆறாமலே வெளியே அடிக்கும்.

அந்த முனை ஒழுங்காக இருந்தும் சுருங்கினால், சுத்தம் செய்யும் ஓட்டம் அடிக்கடி வருகிறதா என்று பாருங்கள். டீசல் தெளிக்கும் இன்ஜெக்டர் சொட்டுவது, இஜிஆர் வால்வு மூடாமல் நிற்பது, பிரஷர் சென்சாரின் சின்னக் குழாய் வெடிப்பது, இவையெல்லாம் அதற்குக் காரணங்கள். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறினால் உடனே கவனியுங்கள்: கரியை எரிக்கத் தெளிக்கும் டீசல் ஆயிலில் இறங்கிக்கொண்டிருக்கலாம். "குறைந்த தூர ஓட்டம்தான் காரணம்" என்று சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். எத்தனை முறை தொடங்கியது, எத்தனை முறை பாதியில் நின்றது என்ற கணக்கு பெரும்பாலும் இன்ஜின் கம்ப்யூட்டரில் இருக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள். காய்ந்த புல் மேலே வண்டியை நிறுத்தி இந்தச் சுத்தத்தை மட்டும் ஓட விடாதீர்கள், தீப்பிடிக்கும்.

கேள்வி: பாடி கட்டியவர் டூல் பாக்ஸை சைலன்சருக்கு நெருக்கமாக வைத்துவிட்டார். பக்கத்தில் போகும் ஏர் பிரேக் நைலான் குழாய் இளகிவிட்டது. யார் பொறுப்பு?

சேசிஸ் கம்பெனி, பாடி கட்டுபவர்களுக்கான கையேட்டில் எக்ஸாஸ்டிலிருந்து எதை எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று குறிப்பிட்டிருக்கும். உங்கள் மாடலுக்கான பக்கத்தை டீலரிடம் கேட்டு வாங்கி, டேப் வைத்து அளந்து படம் எடுங்கள். இடைவெளி குறைவாக இருந்தால் பாடி கட்டியவர்தான் பொறுப்பு. ஆனால் அதைக் காட்டி, சம்பந்தமே இல்லாத கியர் பாக்ஸ் வாரன்டியையும் மறுத்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று எழுத்தில் விளக்கச் சொல்லுங்கள். இளகிய குழாயை டேப் சுற்றி ஓட்டாதீர்கள், புதிதாக மாற்றுங்கள். போவது பிரேக் காற்று!

கேள்வி: மேனிஃபோல்டில் ஹீட் ராப் (சூட்டைத் தடுக்கச் சுற்றும்) துணி சுற்றலாமா?

வேண்டாம். சூடு உள்ளேயே அடைபட்டு வார்ப்பிரும்பு விரிசல் விடலாம், ஈரம் தேங்கித் துருப்பிடிக்கலாம், ஆயில் ஊறினால் தீயே பிடிக்கலாம். அதோடு வாரன்டியை மறுக்க நீங்களே ஒரு காரணத்தையும் கொடுத்ததாகிவிடும். கம்பெனி கொடுத்த தகரத் தடுப்பு துருப்பிடித்துப் போயிருந்தால் அதே பாகத்தைப் புதிதாக வாங்கி, எல்லா போல்ட்டும் போட்டு மாட்டுங்கள்.