கேளுங்கள் சொல்கிறோம்: பல்பும் மின்தொகுப்பும்

கே: கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு 9 நிமிடம் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு அகல் விளக்கு ஏற்றச் சொன்னார் பிரதமர். மின் நிலையங்களையும் வீடுகளையும் இணைக்கும் மின்தொகுப்பே (கிரிட்) விழுந்துவிடும் என்று ஒரே பயம். வீட்டு பல்புக்கு அவ்வளவு சக்தியா?
- வாசகர், கரூர்

ப: ஒரு பல்புக்கு இல்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் சுவிட்சில் கை வைத்தால் உண்டு. எடுக்கிற கரண்ட்டும் உற்பத்தியும் நொடிக்கு நொடி சமமாக இருக்க வேண்டும். மிதிக்கும்போது செயின் கழன்றால் பெடல் சட்டென்று வேகமாகச் சுற்றுமே, லோடு திடீரென்று போனால் டர்பைனும் அப்படித்தான், 50 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 50 அலையில், நிற்க வேண்டிய கரண்ட்டின் அலைவெண் மேலே ஏறும். அளவுக்கு மீறினால் நிலையங்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே கழன்றுகொள்ளும், அப்புறம் ஒன்றன் பின் ஒன்றாகச் சரிவுதான்.

அன்று 12,000 மெகாவாட்டுக்குக் கொஞ்சம் மேலே குறையும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். குறைந்ததோ சுமார் 32,000! இருபது நிமிடத்தில் 1,17,300-லிருந்து 85,300 மெகாவாட்டுக்கு இறங்கியது. எல்லாமே 9 வாட் எல்இடி என்று வைத்து வகுத்துப் பாருங்கள், 350 கோடி பல்பு வருகிறது. வீட்டுக்குப் பத்துக்கு மேல்! விளக்கை மட்டும் அணையுங்கள், ஃபேன் ஓடட்டும் என்று அரசு சொன்னது உண்மைதான், ஆனால் அகல் விளக்கோடு மொட்டை மாடிக்குப் போகிறவர் கீழே யாருக்காக ஃபேனை ஓடவிடுவார்? எங்கள் தெருவில் ஒருவர் மெயினையே இறக்கிவிட்டார்.

காப்பாற்றியது நீர்மின் நிலையங்கள். அனல் நிலையத்தில் கொதிகலனின் சூட்டை நினைத்த மாத்திரத்தில் தணிக்க முடியாது, இங்கே டர்பைனுக்குப் போகும் தண்ணீரை அடைத்தால் போதும். அதனால் முன்கூட்டியே அனலைக் குறைத்து நீர்மின்சாரத்தை ஏற்றி வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் 17,500 மெகாவாட்டை இறக்கி, விளக்குகள் திரும்ப எரிந்ததும் மறுபடி ஏற்றினார்கள். அலைவெண் 49.7-க்கும் 50.26-க்கும் நடுவிலேயே நின்றது. ஒன்பது நிமிடக் கூத்துக்கு இத்தனை பேர் வியர்த்திருக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி.

கே: மண்டபம் முழுக்க எல்இடி மாற்றினோம். பில் குறைந்தது, ஆனால் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) சுடுகிறது என்கிறார் எலக்ட்ரீஷியன். ஏமாற்றுகிறாரா?
- வாசகி, தேனி

ப: இல்லைங்க, சரியாகத்தான் சொல்கிறார். குண்டு பல்பு கரண்ட்டைச் சீராக இழுக்கும். மலிவான எல்இடி டிரைவர் (பல்புக்குள் கரண்ட்டை மாற்றித் தரும் சர்க்யூட்) விட்டுவிட்டுக் கடித்து இழுக்கும், அதில் 150 ஹெர்ட்ஸ் அலை கலந்துவிடும். மண்டபத்துக்குக் கரண்ட் கொண்டுவரும் மூன்று ஒயரிலும், அதாவது மூன்று பேஸிலும், 50 ஹெர்ட்ஸ் அலை நியூட்ரலில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், இந்த 150 ஹெர்ட்ஸ் அலையோ ஒன்றோடொன்று கூடிவிடும். நியூட்ரல் ஒயரை பேஸ் ஒயரைவிட மெலிசாகப் போட்டிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், அடுத்து வாங்கும்போது அட்டையில் பவர் ஃபேக்டர் (இழுக்கிற கரண்ட்டில் எவ்வளவு உருப்படியாக வேலைக்குப் போகிறது என்ற அளவு) 0.9-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.