மகனின் கம்பஸ் செலவும் தம்பியின் ஓட்டோவும்

கேள்வி: சாவகச்சேரியில் இருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு இரண்டு கண்ணும் பார்வை இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்குத் தெரிவாகிவிட்டான். என் நகை 8 பவுண் நான்கு அடகுத் துண்டாக (ரசீதாக) வங்கியில் இருக்கிறது. கடன் 9 இலட்சம், வட்டி வருடம் 15 வீதம். அதில் 5 இலட்சம் தம்பியின் ஓட்டோவுக்குக் கொடுத்தது. மகனைத் தினமும் ஓட்டோவில் கம்பஸுக்கு ஏற்றி இறக்குவேன், லீசிங் நிலுவைக்கு இன்னும் 3 இலட்சம் தா என்கிறான் தம்பி. பவுண் விலை ஏறியிருப்பதால், முன்பு செய்தது போல அதே நகையைக் கூடின தொகைக்குத் திருப்பி அடகு வைத்தால் கிடைக்கும். மகனுக்கு, கமராவில் பார்த்ததை வாசித்துச் சொல்லும் கதைக்கும் கண்ணாடி ஒன்றும் வாங்கச் சொல்கிறார்கள். அடுத்த மாதம் 2 இலட்சம் சீட்டுக்காசு வரும். என்ன செய்யலாம்?

பதில்: நகையைத் திருப்பி வைக்காதீர்கள், அக்கா. விலை ஏறும்போதெல்லாம் திருப்பி வைத்து மிச்சக் காசை வாங்கி வருகிறீர்களே, அந்தப் பழக்கந்தான் உங்களை விழுத்துகிறது. கைக்கு வருவது நகை தந்த இலாபம் இல்லை, கூடின கடன்.

9 இலட்சத்துக்கு 15 வீதம் என்றால் வருடம் 135,000, மாதம் 11,250. இன்னும் 3 இலட்சம் எடுத்தால் மாதம் 15,000. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல புலமைப்பரிசில் மாதம் 7,500 ஆக்கப்பட்டது. மகன் படித்து வாங்கும் புலமைப்பரிசில் போல இரண்டு மடங்கை நீங்கள் வட்டியாகக் கட்டப் போகிறீர்கள். அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. அப்படியிருக்க இந்தக் கடன் எதற்கு? ஓட்டோவுக்கு.

சீட்டுக்காசில் ஆகச் சிறிய துண்டை மீளுங்கள். ஒரு துண்டில் 2 பவுண், அது ஒன்றரை இலட்சத்துக்கு இருக்கிறது என்று வைப்போம். மீட்டதைக் கஸ்தூரியார் வீதியில் விலை விசாரித்து விற்றுவிடுங்கள். பழைய நகைக்குப் பவுண் இரண்டரை இலட்சம் கிடைத்தால் 5 இலட்சம். அதில் அடுத்த துண்டை மீட்டு அதையும் விற்றால் மற்ற இரண்டையும் மீட்கக் காசு இருக்கும். கடைசியில் 4 பவுண் வீட்டில், கடன் இல்லை, சேர்ந்த வட்டி போகக் கையிலும் மூன்று இலட்சத்துக்குக் கிட்ட மிஞ்சும். நகை விற்பது மனதுக்குக் கஷ்டம் என்று தெரியும். ஆனால் அடகில் இருக்கிற நகையை நீங்கள் போடவும் இல்லை, வட்டி மட்டும் போகிறது.

இனித் தம்பியின் வாக்கு. நாலு வருடம் மாமாவின் ஓட்டோவில் போய்வருகிற பிள்ளைக்கு, மாமாவுக்கு ஹயர் வருகிற அன்று விரிவுரை இல்லை. சாவகச்சேரியில் பஸ் ஏறி, யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் இறங்கி, பலாலி வீதி பஸ் பிடித்துப் பரமேஸ்வராச் சந்தியில் இறங்க அவனால் முடியும். வெள்ளைப் பிரம்போடு இப்போதே பழகட்டும். முதல் வாரம் கூடப் போங்கள், இரண்டாம் வாரம் பின் சீட்டில் இருந்து பாருங்கள், அப்புறம் விட்டுவிடுங்கள். பிரம்புப் பயிற்சி போதாவிட்டால் கைதடி நவீல்ட் பாடசாலையிலோ சுன்னாகம் வாழ்வகத்திலோ கேளுங்கள்.

கதைக்கும் கண்ணாடிக்கு இப்போது காசு போட வேண்டாம். புதிதாக வந்த சாமான், இங்கே பழுதானால் திருத்த ஆள் தேட வேண்டும். கணினித் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மென்பொருள் இலவசம். பார்வையற்ற மைக்கல் கரன் 2006இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கியது, தமிழும் வாசிக்கும். மிஞ்சும் காசில் பாவித்த மடிக்கணினி ஒன்று வாங்கினால் போதும். ஒரு விஷயம் மட்டும்: பாமினி என்ற, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் அடித்த குறிப்புகளை அது வாசிக்காது, படமாக எடுத்த பக்கங்களையும் அப்படியே வாசிக்காது. யூனிகோடில் தரும்படி விரிவுரையாளரிடம் மகனே முதல் வாரத்தில் கேட்க வேண்டும். உயர்தரப் பரீட்சையில் அவன் சொல்வதை எழுதும் சொல்லெழுதுநர், மேலதிக நேரம் கிடைத்திருந்தாலும் கம்பஸில் அது தானாகத் தொடராது. பீடாதிபதி அலுவலகத்துக்கு மருத்துவச் சான்றிதழோடு புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். பரீட்சை நேரம் வரை பார்த்திருக்காதீர்கள்.

அரசின் அஸ்வெசும நலன்புரித் திட்டத்தில் மாற்றுத்திறனாளி கொடுப்பனவு கிடைக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. 2025இல் அது மாதம் 10,000 ஆனது. இல்லையென்றால் கிராம அலுவலரைப் பிடித்துப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். வங்கிக் கணக்கு மகன் பெயரில் தனியாக இருக்கட்டும். ஏடிஎம் கார்டின் இரகசிய இலக்கம் உங்களுக்கும் தெரிய வேண்டாம், மாமாவுக்கும் வேண்டாம்.

தம்பியிடம் பழைய 5 இலட்சத்தைப் பற்றி மட்டும் கதையுங்கள். அதன் வட்டியே மாதம் 6,250. துண்டுகள் மீளும்வரை அதை அவன் கட்டட்டும், பிறகு முதல் தொகையை மாதம் பத்தாயிரமாகத் தரட்டும். லீசிங் இறுக்கினால் ஓட்டோவை விற்று முடிக்கலாம். சீட்டுக்காசு வருகிற திகதியை அவனுக்குச் சொல்லாதீர்கள்.