விடைபெறாமல் வந்துவிடாதீர்கள்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம். நானும் என் கணவரும் மலாவி நாட்டின் வடபகுதியில் ஒரு மிஷன் மருத்துவமனையில் 11 வருடமாக ஊழியம் செய்கிறோம். நான் பிரசவ வார்டில் சிஸ்டர். அவர் ஜெனரேட்டர், தண்ணீர் பம்ப் முதல் வாலிபர் கூடுகை வரை எல்லாவற்றையும் பார்ப்பவர். ஜூன் கடைசியில் நாகர்கோவிலுக்குத் திரும்புகிறோம். இன்னும் 7 வாரம்தான். சபையார் பெரிய பிரிவுபசாரக் கூட்டம் வைக்க ஆசைப்படுகிறார்கள். இவரோ, "கூட்டமும் வேண்டாம், பேச்சும் வேண்டாம், விடியுமுன் வண்டி ஏறிவிடலாம்" என்கிறார். தினமும் சாயங்காலம் யாராவது வந்து ஃபிரிட்ஜ் யாருக்கு, தையல் மெஷின் யாருக்கு என்று கேட்கிறார்கள். நாங்கள் படிக்கவைக்கும் ஒரு பெண்ணுக்கு நர்சிங் படிப்பு இன்னும் 2 வருடம் பாக்கி. என் இடத்துக்கு வரும் உள்ளூர் சிஸ்டர் நல்ல பெண்தான், ஆனால் நான் செய்கிற மாதிரி செய்வதில்லை. 13 வயது மகன் யாரோடும் பேசுவதில்லை. எனக்குத் தூக்கம் போய்விட்டது. மாமியார், ஆலயத்தில் சாட்சி சொல்லத் தேதியே குறித்துவிட்டார்கள். எதை முதலில் செய்வது?
ஒரு சகோதரி, மலாவி

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் வீட்டுக்காரரிடமிருந்தே தொடங்குகிறேன். கூட்டம் வேண்டாம் என்பதை அவர் தாழ்மை என்று நினைத்துக்கொண்டிருப்பார். எனக்கு அப்படித் தெரியவில்லை. எல்லார் முன்னாலும் அழுதுவிடுவோமோ என்ற பயம்தான் அது. அழட்டுமே! 11 வருடம் இருந்த ஊரை விட்டு வரும்போது கண் கலங்காவிட்டால்தான் நான் கவலைப்படுவேன்.

எபேசுவில் 3 வருடம் இருந்த பவுல் என்ன செய்தார் என்று அவருக்கு நினைவுபடுத்துங்கள். மிலேத்துவுக்கு மூப்பர்களை வரவழைத்து, இனி என் முகத்தைப் பார்க்கமாட்டீர்கள் என்று நேராகச் சொன்னார். அவர்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், கப்பல் வரைக்கும் கூடவே போனார்கள். நீங்கள் இருக்கும் நாட்டிலும் அதே பழக்கம்தானே? விருந்தாளியை வாசலோடு அனுப்புவது அங்கே வழக்கமில்லை, கொஞ்ச தூரமாவது கூட நடந்துபோய்த்தான் விடுவார்கள். 11 வருடமாக உங்களை இப்படி வழியனுப்பியவர்களுக்குக் கடைசித் தடவை மட்டும் அந்த வாய்ப்பு இல்லை என்றால் எப்படி? இன்னொன்று. ராவோடு ராவாகக் கிளம்பினால் ஊர் சும்மா இருக்காது. "என்ன கணக்குத் தகராறோ" என்றுதான் பேசும். அதைக் கேட்க நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள். பதில் சொல்லவேண்டியவர்கள் உங்கள் சிநேகிதர்கள்.

அதனால் கூட்டம் நடக்கட்டும். அவர் நீளமாகப் பேசவேண்டியதில்லை, எழுதிவைத்து அஞ்சு நிமிடம் வாசித்தால் போதும். ஆனால் கூட்டத்துக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இத்தனை வருடத்தில் யாரோடும் மனஸ்தாபமே இல்லை என்று நீங்கள் சொல்லமாட்டீர்கள். முகம் கொடுத்துப் பேசாத ஸ்டோர் கீப்பரோ, வாலிபர் கூட்டத்தை விட்டு விலகிப்போன பையனோ யாராவது இருப்பார்கள். வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளைப் பற்றியே வாழ்நாள் முழுக்க வேலை செய்த டேவிட் போலக் என்ற அமெரிக்கர், ஒரு நாட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் செய்யவேண்டியதில் ஒப்புரவாகுதலைத்தான் முதலில் வைத்தார். நன்றி சொல்வதும் விடைபெறுவதும் அதற்கு அப்புறம்தான். விமானம் ஏறினால் எல்லாம் மறந்துபோகும் என்று நினைக்காதீர்கள். தீர்க்காத கசப்பு பெட்டியோடு சேர்ந்து நாகர்கோவிலுக்கு வந்துவிடும்.

சரி, சாமான்களுக்கு வருவோம். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது பாதி இதுதான் என்று நினைக்கிறேன். சாயங்காலம் கதவைத் தட்டுகிறவர்களைப் பேராசைக்காரர்களாகப் பார்க்கவேண்டாம். அவர்கள் வீட்டில் இல்லாத பொருள் உங்கள் வீட்டில் இருக்கிறது, நீங்கள் அதை விட்டுவிட்டுப் போகப்போகிறீர்கள், கேட்கத்தானே செய்வார்கள்? தப்பு எங்கே வரும் என்றால், ஒவ்வொருவரிடமும் "பார்க்கலாம்" என்று சொல்லும்போதுதான். மூன்று பேர் ஒரே ஃபிரிட்ஜை மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். இந்த வாரமே உட்கார்ந்து பட்டியல் போடுங்கள். பெரிய பொருட்களை விற்பதா கொடுப்பதா என்று இரண்டு பேரும் முடிவெடுத்து, சபை மூப்பர் ஒருவரையும் மருத்துவமனை நிர்வாகியையும் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். தையல் மெஷின் ஒரு ஆளுக்குப் போவதைவிடப் பெண்கள் ஐக்கியத்துக்குப் போனால் பேச்சு வராது. பிறகு கேட்பவர்களுக்கு "முடிவாகிவிட்டது" என்ற ஒரே பதில் போதும்.

பிரஷர் குக்கரை மட்டும் யோசித்துக் கொடுங்கள். பீன்ஸ் வேகக் கரியடுப்பில் எத்தனை மணி நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும், அதனால் எல்லாருக்கும் அதன்மேல் ஒரு கண் இருக்கும். உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கே கொடுங்கள், அவருக்குத்தான் விசில் கணக்குத் தெரியும். கைவசம் இருக்கும் கேஸ்கட், சேஃப்டி வால்வ் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். அங்கே கடையில் கிடைக்காமல் போகலாம், அப்புறம் யாராவது கம்பியை முறுக்கி அடைத்துவைப்பார்கள். கிரைண்டரை யாரும் கேட்கமாட்டார்கள் என்று பந்தயமே கட்டுவேன். அந்த அம்மாவுக்குச் சேரவேண்டிய பணிக்கொடை என்னவென்று தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டு முழுசாகக் கொடுத்துவிடுங்கள். கூடவே ஒரு நல்ல பரிந்துரைக் கடிதமும். அடுத்த வேலை கிடைக்க குக்கரைவிட அதுதான் உதவும்.

பணக் கணக்கை ஊரறிய முடித்துவிட்டு வாருங்கள். சாமுவேல் விடைபெறும்போது, யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன் என்று ஜனங்களையே கேட்டார். பவுலும் அதே மிலேத்துவில் ஒருவருடைய வெள்ளியையும் பொன்னையும் இச்சிக்கவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் போனார். வாலிபர் நிதி, ஜெனரேட்டர் டீசல் பணம், இந்தியாவிலிருந்து வந்த காணிக்கை, எதுவானாலும் ரசீதோடு எழுதி, கையெழுத்து வாங்கி, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியை விற்பதாக இருந்தால் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். தீர்வை விலக்கில் வந்த வண்டி என்றால் முதலில் வரி அலுவலகத்தில் கேட்கவேண்டும். பணமும் அந்த நாட்டு நாணயமான குவாச்சாவில்தான் வரும். அங்கே டாலர் தட்டுப்பாடு எப்படி என்று உங்களுக்குச் சொல்லவேண்டாம். 2023 நவம்பரில் டாலருக்குச் சுமார் 1,180 ஆக இருந்தது ஒரே அறிவிப்பில் 1,700 ஆனதை நேரில் பார்த்தவர்கள் நீங்கள். அந்த நோட்டுக்கட்டை நாகர்கோவிலுக்குக் கொண்டுவந்து என்ன செய்யப்போகிறீர்கள்? உங்கள் நர்சிங் மாணவிக்கு அங்கேதான் வழி இருக்கிறது. வண்டிப் பணத்திலிருந்து முடிந்த அளவு ஃபீஸை நேராகக் கல்லூரியில் கட்டி, ரசீதை அவள் கையில் கொடுங்கள். 2 வருடத்துக்கும் வராவிட்டால், எத்தனை டெர்முக்கு வரும் என்பதை இப்போதே, அவளுடைய பெற்றோரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். மீதியை ஊரிலிருந்து அனுப்புகிறேன் என்று மட்டும் சொல்லவேண்டாம். திரும்பி வந்ததும் உங்கள் வருமானம் என்ன என்று உங்களுக்கே இன்னும் தெரியாது. அதேபோல "சீக்கிரம் திரும்பி வருவோம்" என்று யாரிடமும் ஆறுதலுக்காகச் சொல்லாதீர்கள். சொல்கிறவர் மறந்துவிடுவார், கேட்கிறவர் வருடக்கணக்காக எதிர்பார்ப்பார்.

அந்த சிஸ்டர் நீங்கள் செய்கிற மாதிரி செய்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் செய்யவேண்டும்? தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து வருகிற விஷயம் என்றால் இன்றைக்கே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள். ரிஜிஸ்டர் எழுதும் விதமும் டிராலி நிற்கும் இடமும்தான் என்றால் விட்டுவிடுங்கள். உங்கள் பகுதியின் சரித்திரமே இதில் ஒரு பாடம். ஸ்காட்லாந்துக்காரர்களின் லிவிங்ஸ்டோனியா மிஷன் 1875-ல் தொடங்கியது. டாக்டர் ராபர்ட் லாஸ் 1875-லிருந்து 1927 வரை அந்த ஊழியத்தில் இருந்தார். பெரிய மனிதர், சந்தேகமில்லை. ஆனால் அந்த மிஷனில் உள்ளூர்க்காரர்கள் மூன்று பேர் போதகர்களாக அபிஷேகம் பெற 1914 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட 40 வருடம்! "இன்னும் தயாராகவில்லை" என்ற பேச்சுக்கு முடிவே கிடையாது தங்கச்சி. கடைசி மூன்று வாரம் அந்த சிஸ்டர் உங்கள் நாற்காலியில் உட்காரட்டும், நீங்கள் பக்கத்து அறையில் இருங்கள். கேட்டால் போங்கள். ஊருக்கு வந்தபிறகும் வார்டு விஷயத்தை வாட்ஸப்பில் விசாரித்துக்கொண்டே இருக்கவேண்டாம். அவராகக் கேட்டால் பதில் சொல்லுங்கள்.

நம் ஜனங்களுக்கு இதன் மறுபக்கமும் தெரியும். மிஷனரிகளை வரவேற்றதும் வழியனுப்பியதும் நாம்தானே. கால்டுவெல் போகவே இல்லை, இடையன்குடியில் அடக்கம் பண்ணப்பட்டிருக்கிறார். ஜி. யு. போப் திரும்பிப் போனார். போன இடத்தில் ஆக்ஸ்போர்டில் தமிழ் சொல்லிக்கொடுத்து, 1886-ல் திருக்குறளையும் 1900-ல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். தூரத்திலிருந்து அன்பாயிருக்க இப்படியும் வழி உண்டு.

மகனைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருந்தீர்கள். அது எனக்கு உறுத்துகிறது. நீங்கள் இரண்டு பேரும் ஊருக்குத் திரும்புகிறீர்கள். அவன் ஊரை விட்டுப் போகிறான். பாட்டி வீடு அவனுக்கு லீவுக்கு வந்துபோன இடம்தான். பிரிவுபசாரத்தை அவனுக்கும் தனியாக வையுங்கள். அவனோடு பந்து விளையாடும் பையன்கள் எல்லாரும் வரட்டும், ந்சிமாவும் (அந்த ஊர் மக்காச்சோளக் களி) கோழியும் வயிறாரச் சாப்பிடட்டும், பெரியவர்கள் யாரும் ஜெபம் நீட்டவேண்டாம். போட்டோவும் போன் நம்பரும் அவன் கையில் இருக்கட்டும். பள்ளி மாற்றுச் சான்றிதழையும் மார்க் ஷீட்டையும் சீல் போட்டு இப்போதே வாங்கிவிடுங்கள். உங்கள் அனுபவச் சான்றிதழையும் அப்படியே. செவிலியர் கவுன்சில் பதிவு, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்இ வங்கிக் கணக்கை உள்ளூர்க் கணக்காக மாற்றுவது எல்லாம் இங்கே வந்து செய்துகொள்ளலாம்.

கடைசி வாரங்களில் ஜனங்கள் சும்மா வரமாட்டார்கள். அறுவடை முடிந்த நேரம், வேர்க்கடலையும் மக்காச்சோளமும் வரும், கால் கட்டிய கோழி வரும். "உங்களுக்கே இல்லையே, எதற்கு" என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அவர்கள் முறைப்படி இரண்டு கையாலும் வாங்குங்கள்.

ஊருக்கு வந்தபின் உங்கள் மூன்று பேரில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் மலேரியா பாருங்கள். இங்கே காய்ச்சல் என்றதும் டெங்குவைத்தான் நினைப்பார்கள். மலாவியிலிருந்து வந்திருக்கிறோம் என்று டாக்டரிடம் நீங்களே வாயைத் திறந்து சொல்லவேண்டும். சில மாதம் கழித்து வந்தாலும் அப்படித்தான்.

மாமியாரிடம் இன்றைக்கே போன் பண்ணிப் பேசுங்கள், அதையும் உங்கள் வீட்டுக்காரர் பேசினால் நல்லது. சாட்சி சொல்ல மாட்டோம் என்று சொல்லவேண்டாம், ஆகஸ்டுக்கு மேல் என்று சொல்லட்டும். வந்து இறங்கிய முதல் ஞாயிறே மைக் முன்னால் நின்றால் ஜனங்கள் சிங்கம், யானை கதைதான் கேட்பார்கள், உங்களுக்கும் வேறெதுவும் வாயில் வராது. ஜூலை முழுக்க வீட்டில் இருங்கள், தூங்குங்கள், பையனுக்குப் பள்ளி பாருங்கள். அத்தைக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கும். பேரன் ஒரு மாதம் முழுக்க வீட்டிலேயே இருப்பான் என்று சொன்னால் சமாதானமாகிவிடுவார்.

அன்புடன்,
அக்கா