போர்டு மேஜையில எப்படி இருக்கோ அப்படியே வரைங்க

கேள்வி: அண்ணே வணக்கம். பட்டர்வொர்த் பக்கத்துல ஒரு தமிழ்ப்பள்ளியில ரோபோட்டிக் கழகம் பாத்துக்குறேன். ஆறாம் ஆண்டு புள்ளைங்க பன்னெண்டு பேரு, ஈஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சின்ன புரோகிராம் போர்டு), 30 பின் உள்ளது. நெட்டுல கெடச்ச பின் படத்த பிரிண்ட் போட்டுக் குடுத்தேன். ஒவ்வொரு பின்னுக்கும் ஆறேழு பேரு, கலர் கலரா, புள்ளைங்க முழிக்குதுங்க. ஒயரத் தப்பா குத்தி ரெண்டு போர்டு போயிடுச்சி. நானே தெளிவா ஒண்ணு வரையணும்னா எப்படிண்ணே?
- ஓர் ஆசிரியை, பட்டர்வொர்த்

பதில்: நீங்களே வரையிறதுதான் டீச்சர் நல்லது. நெட்டுல இருக்குற படம் அந்த சிப்பால என்னென்ன முடியும்னு மொத்தத்தையும் சொல்றதுக்குப் போட்டது. உங்க புள்ளைக்கு வேண்டியது, கையில ஒயரோட நிக்கிறப்ப இத எங்க குத்துறதுங்குறது மட்டுந்தான்.

மொதல்ல திசை. நீங்க சொல்ற 30 பின் போர்டுல பொதுவா யூஎஸ்பி வாய கீழ பாத்து வச்சா இடது மூலையில விஐஎன் (5 வோல்ட் பவர்), வலது மூலையில 3வி3 (3.3 வோல்ட் பவர்), ரெண்டுக்கும் மேல ஆளுக்கொரு ஜிஎன்டி (கிரவுண்ட்). இப்ப போர்டக் கவுத்துப் பாருங்க, விஐஎன்னும் 3வி3யும் எடம் மாறிடும், ஆனா பக்கத்துல ஜிஎன்டி இருக்குறதால கண்ணுக்கு எதுவுமே தப்பாத் தெரியாது. பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரியில நான் டெஸ்ட் ஜிக் (போர்ட மாட்டி சோதிக்கிற சாதனம்) கட்டுன காலத்துல இதே மாதிரிதான், மேலருந்து பாக்குற படத்த வச்சுக்கிட்டு அடிப்பக்கத்துலருந்து சால்டர் பண்ணி, 3.3 வோல்ட் போக வேண்டிய எடத்துல 5 வோல்ட் போயி ஒரு தட்டு போர்டு முழுக்கக் கருகுச்சி, அந்த வாடை இன்னும் மறக்கல. அதனால படத்துல யூஎஸ்பி வாய பெருசா வரைஞ்சி, "மேலிருந்து பார்ப்பது"ன்னு பக்கத்துலயே எழுதிடுங்க.

அடுத்து பேரு. போர்டுல என்ன அச்சடிச்சிருக்கோ அதத்தான் பெருசாப் போடணும். போர்டுல "விபி"ன்னு இருக்குறப்ப படத்துல 36ன்னு மட்டும் இருந்தா புள்ள எங்க தேடும்? 36, 39 மாதிரி சிப்போட நம்பர் எல்லாம் பக்கத்துல சின்னதா இருக்கட்டும்.

மூணாவது, எந்தப் பின்னுல எது ஆகாதுங்குறது. இதுதான் பல படத்துல பொடி எழுத்துல ஒளிஞ்சி கெடக்கும், நீங்க இதப் பெருசாக் காட்டுங்க. டி34, டி35, விபி, விஎன் நாலும் உள்ள வாங்க மட்டுந்தான், அதுல எல்இடி எரியாது. சிப்புக்குள்ள புல்-அப்பும் (பின்ன நிலையா வோல்ட்டுல புடிச்சி வைக்கிற ரெசிஸ்டர்) கெடையாது, அதனால வெளியில ஒரு 10 கே ரெசிஸ்டர் போடாம பட்டன் மாட்டுனா தொடாமலே தானா அமுங்குற மாதிரி ஆடும். டி12 இன்னும் மோசம். பவர் போடுற நேரத்துல அதுல வோல்ட் இருந்தா, புரோகிராம் இருக்குற ஃபிளாஷ் மெமரிக்கு 1.8 வோல்ட் போதும்னு சிப் எடுத்துக்கும், போர்டு எழும்பாது. புரோகிராம் சரியாத்தான் இருக்கும், நேத்து ஓடுனது இன்னிக்கு ஓடாது, புள்ள அழும். டி12 பக்கத்துல கட்டம் கட்டி "மாட்டாதே"ன்னு எழுதுங்க. அனலாக் (கூடிக் கொறையிற வோல்ட்) படிக்கிற பின்னு ஏடிசி1, ஏடிசி2ன்னு ரெண்டு கூட்டம். வைஃபை போட்டா ஏடிசி2 பின்னுல அனலாக் படிக்க முடியாது, அதனால அனலாக்குன்னு 32லருந்து 35 வரைக்கும், அப்புறம் விபி, விஎன், இத மட்டும் காட்டுனா போதும்.

கலர மட்டும் நம்பாதீங்க, பள்ளிக்கூடத்து ஃபோட்டோஸ்டேட் மிஷின்ல செவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாத்தான் வரும். பவருக்குக் கட்டம், ஜிஎன்டிக்கு முழுக் கறுப்பு, உள்ள வாங்குறதுக்கு அம்புக்குறின்னு வடிவத்தையும் மாத்துங்க.

வரைய இங்க்ஸ்கேப்புங்குற படம் வரையிற சாஃப்ட்வேர் போதும், காசு இல்ல. பின்னுக்குப் பின் இருக்குற தூரம் மாதிரியே கிரிட்ட 2.54 மி.மீ. வச்சீங்கன்னா ஒவ்வொரு பின்னும் தன் எடத்துல உக்காந்துக்கும். பிரிண்ட் போடுறப்ப 100 சதவீதம்னு வைங்க. ஒரு பக்கத்து 15 பின்னுல மொத பின்னுலருந்து கடைசி பின் வரைக்கும் 35.56 மி.மீ. வரணும், ஸ்கேல் வச்சிப் பாருங்க, அப்புறம் போர்டத் தாளு மேலயே வச்சி ஒவ்வொரு பேரா ஒத்துப் பாருங்க.

கேள்வி: நோட்எம்சியு போர்டுல (ஈஎஸ்பி8266 சிப் உள்ளது) ஒரு பின்னுக்கு டி1ன்னு போட்டிருக்கு, கோட்ல 1ன்னு எழுதுனா எல்இடி எரியல. போர்டு பழுதா?
- படிவம் 4 மாணவன், ஜெலுத்தோங்

பதில்: பழுது இல்ல தம்பி. அந்தப் போர்டுல டி1ங்குறது ஜிபிஐஓ (சிப்போட பின் நம்பர்) 5, டி2ங்குறது ஜிபிஐஓ 4. நீ வெறும் 1ன்னு எழுதுனா அது ஜிபிஐஓ 1, அதாவது கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்புற டிஎக்ஸ் பின்னுக்குப் போயிடும். 1க்குப் பதிலா டி1ன்னே எழுதிப் பாரு. ஒன் நோட்டுலயும் டி1 பக்கத்துலயே 5ன்னு குறிச்சி வச்சுக்க.