பக்கத்து வீட்டு ரஸ்ஸல்

அன்புள்ள ஐயா,

டென்வரில் எங்கள் பக்கத்து வீட்டு முதியவரிடம், அமெரிக்க மேற்குப் பகுதி வாழ்க்கையை வரைந்த ஓவியர் சார்லஸ் ரஸ்ஸலின் சிறிய நீர்வண்ண ஓவியம் ஒன்று இருக்கிறது. தாத்தா காலத்துச் சொத்து. ரஸ்ஸலைப் பற்றித் தயாராகும் ஒரு நூலில் அதை அச்சிட அனுமதி கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. வெளியே தெரிந்தால் திருடர்கள் வருவார்கள், மதிப்பும் குறைந்துவிடும் என்று அஞ்சுகிறார். என்னிடம் யோசனை கேட்கிறார். என்ன சொல்லட்டும்?

டென்வரிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கொடுக்கச் சொல்லுங்கள். ரஸ்ஸல் ஊரறிந்த ஓவியரானதே ஒருவர் தன்னிடம் வந்த படத்தைப் பிறருக்குக் காட்டியதால்தான்.

1886-87 குளிர்காலத்தில் அமெரிக்காவின் மொன்டானா மேய்ச்சல் நிலங்களில் மாடுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. மந்தையின் நிலை என்ன என்று ஹெலெனாவில் இருந்த முதலாளி கேட்டு எழுதினார். பண்ணையில் வேலை பார்த்த 22 வயது ரஸ்ஸல் அஞ்சலட்டை அளவுத் தாளில் பதிலை வரைந்துவிட்டார். பனியில் எலும்பும் தோலுமாக ஒற்றை மாடு. அது விழட்டும் என்று காத்திருக்கும் ஓநாய்கள். ராக்கி மலையிலிருந்து இறங்கிப் பனியை உருக்கும் சினூக் என்ற வெப்பக்காற்றுக்காகக் காத்திருப்பதாக அதற்குப் பெயர். அந்தச் சின்னத் தாள் கைமாறி, ஹெலெனாவில் ஒரு கடையின் கண்ணாடி ஜன்னலுக்கு வந்தது. பிறகு திரும்பத் திரும்ப அச்சிடப்பட்டது. முதலாளி அதைக் கணக்குப் புத்தகத்துக்குள் செருகி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

ரஸ்ஸல் நண்பர்களுக்குப் படங்களை அள்ளிக் கொடுத்தவர். கடிதம் எழுதினால் அதிலும் ஒரு குதிரையோ எருமையோ வரைவார். கிரேட் ஃபால்ஸ் நகரின் மின்ட் மதுக்கடையில் அவருடைய படங்கள் பெரிய தொகுப்பாகச் சேர்ந்திருந்தன. 1952இல் டெக்சஸ் பத்திரிகை அதிபர் ஆமன் கார்ட்டர் அதை வாங்கியதால் இன்று ஃபோர்ட் வொர்த் அருங்காட்சியகத்தில் பார்க்க முடிகிறது. அப்படிச் சேராமல் வீடு வீடாகச் சிதறியவை ஏராளம். அருங்காட்சியகங்களை மட்டும் சுற்றி வந்து அவரை முழுவதும் அறிந்துவிட முடியாது.

போலிகளும் அவருக்கு அதிகம். கையெழுத்தோடு எருமை மண்டையோட்டைச் சேர்த்து வரைவது அவர் வழக்கம். அதையும் போலி செய்கிறார்கள். ஆய்வாளர் பார்த்துச் சோதித்து நூலில் இடம்பெற்ற படத்துக்குப் பொதுவாக நம்பகம் கூடும். திருட்டுப் பயமும் நியாயம்தான். ஆனால், நூலில் வந்துவிட்ட படத்தைத் திருடியவன் விற்பது கடினம். ஊரையும் பெயரையும் சொல்லாமல் ‘தனியார் சேகரிப்பு’ என்று மட்டும் போடச் சொன்னால் போதும். ஓவிய நூல்களில் அது அன்றாட வழக்கம்.

உரிமை விஷயத்தில் மட்டும் முதியவருக்குத் தெளிவு வேண்டும். படம் அவருடையது, பதிப்புரிமை அவருடையது அல்ல. ரஸ்ஸல் 1926இல் மறைந்தார், அவர் படைப்புகளில் பெரும்பாலானவற்றின் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. அப்படிப்பட்ட தட்டையான ஓவியத்தை உள்ளது உள்ளபடி எடுத்த புகைப்படத்துக்குத் தனிப் பதிப்புரிமை கிடையாது என்று 1999இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே முதியவர் கையில் இருப்பது, படத்தைப் பார்க்க யாரை உள்ளே விடுவது என்ற வாசற்கதவு ஒன்றுதான். எந்த நூல், எந்தப் பதிப்பு, புகைப்படக் கோப்பு யாரிடம் இருக்கும் என்பதையெல்லாம் கதவைத் திறக்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

படத்தை வீட்டை விட்டு அனுப்ப வேண்டாம், புகைப்படக்காரர் வரட்டும். நீர்வண்ணம் வெளிச்சத்தில் மங்கும் பொருள், விளக்குகளை நெடுநேரம் எரியவிடக் கூடாது. கண்ணாடியைக் கழற்ற நேர்ந்தால் ஓவியப் பாதுகாப்பு தெரிந்தவர்தான் கழற்ற வேண்டும். அச்சிடும்போது படத்தின் ஓரத்தை வெட்டக் கூடாது, அதன் மேலே எழுத்து ஏற்றக் கூடாது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் மாதிரித் தாளான வண்ண மெய்ப்பைப் படத்தின் அருகிலேயே வைத்து ஒப்பிடும் உரிமையை அவர் எக்காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாது. என் நூல் ஒன்றுக்காக ஒரு குடும்பத்தார் தங்கள் வீட்டு ஓவியத்தைத் தந்தார்கள். அச்சகத்தில் அந்த அந்தி வானத்தின் நீலம் பச்சையாகிவிட்டது. மெய்ப்பை மூலத்தோடு ஒப்பிடாமல் ஒப்புதல் கொடுத்தவன் நான். நூலை அவர்களிடம் கொடுத்தபோது அந்த அம்மாள் பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடிவைத்தார். பன்னிரண்டு வருடமாகியும் அது எனக்கு ஆறவில்லை.

சட்டகத்தைக் கழற்றும் நாளில் நீங்களும் உடன் இருங்கள். படத்தின் பின்புறத்தையும் புகைப்படம் எடுக்கச் சொல்லுங்கள். பழைய கடைச் சீட்டோ, பென்சிலில் எழுதிய பெயரோ, தேதியோ அங்கே ஒட்டிக்கொண்டிருக்கலாம். தாத்தாவுக்கு அந்தப் படம் யாரிடமிருந்து வந்தது என்பதை இப்போதே முதியவரிடம் கேட்டு, தேதி போட்டு எழுதி வைத்துவிடுங்கள். ஆய்வாளர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.