முதலில் உட்காருங்கள், துடுப்பைப் பிறகு பார்ப்போம்

வன்னிக் குளங்களிலும் களப்புகளிலும் தனியாகக் கனூ (ஒற்றை அலகுத் துடுப்பால் வலிக்கும் ஒடுங்கிய திறந்த படகு) ஓட்டத் தொடங்கியிருப்பவர்களின் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். வந்தவற்றில் பெரும்பாலானவை ‘எந்தத் துடுப்பு நல்லது?’ என்பவைதாம். எப்படி உட்காரப் போகிறீர்கள் என்பது தெரியாமல் அதற்குப் பதில் இல்லை. ஆகவே இருக்கையைப் பற்றிக் கேட்ட ஒரேயொருவருக்கு முதலிடம்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): ஐயா, முத்தையன்கட்டுக் குளத்தில் ஏறி அமர்ந்ததும் கனூ ஆடுகிறது. இருக்கையைத் தாழ்த்தலாமா?

பதில்: கால் நீட்டி அமர்பவர் என்றால் தாராளமாகத் தாழ்த்துங்கள். ஓர் அங்குலம் இறக்கினாலே வித்தியாசம் தெரியும். முழந்தாளிட்டு ஓட்டுபவர் என்றால் அவசரப்பட வேண்டாம். பாதங்கள் இருக்கைக்கு அடியில் மடிந்திருக்கும். கனூ கவிழும்போது அவை சிக்காமல் வெளியே வர வேண்டும். நீங்கள் போடும் அதே செருப்போடு தரையில் வைத்து, முழந்தாளிட்டுக் கால்களை உருவிப் பாருங்கள். தடை பட்டால் அந்த உயரம் உங்களுக்கு ஆகாது.

என் விருப்பம் முழந்தாளிடுவதுதான். இரண்டு முழங்கால்கள், பின்புறம் என மூன்று இடங்களில் உடல் படகோடு ஒட்டிக்கொள்கிறது; பாரமும் தாழ இறங்குகிறது. இருக்கையின் முன்விளிம்பை மட்டும் முக்கால் அங்குலம் அளவுக்குக் கீழ்நோக்கிச் சாய்த்துவிட்டால் தொடை நோகாது. முழங்காலுக்குக் கீழே தடித்த ரப்பர் விரிப்பு ஒன்று அவசியம். முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் வீரம் காட்டாமல் உட்கார்ந்தே ஓட்டலாம்.

இன்னொன்று, இருக்கை முன்பின்னாக எங்கே இருக்கிறது? உங்கள் பாரம் கனூவின் நடுவிலோ சற்றுப் பின்னாலோ விழ வேண்டும். அலையற்ற நீரில் அமர்ந்துகொண்டு ஒரு கோப்பைத் தண்ணீரைப் படகின் அடித்தளத்தில் ஊற்றுங்கள். அது எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் பாரம் கூட.

கேள்வி (முரசுமோட்டை): அண்ணா, எனக்கு 5 அடி 4 அங்குல உயரம். எத்தனை அங்குலத் துடுப்பு வாங்குவது?

பதில்: உங்கள் உயரத்தை வைத்து நான் சொல்ல முடியாது, தங்கச்சி. கணக்கில் வருவது இடுப்புக்கு மேலுள்ள உயரம்தான். தட்டையான நாற்காலியில் நிமிர்ந்து அமருங்கள். துடுப்பைத் தலைகீழாகப் பிடித்து, கைப்பிடியைக் கால்களுக்கு நடுவே நாற்காலிப் பலகையில் ஊன்றுங்கள். அலகு, அதாவது நீரைத் தள்ளும் தட்டைப் பகுதி, தொடங்கும் இடம் மூக்குக்கும் நாடிக்கும் நடுவே வந்தால் சரி. அலகின் நீளம் இதில் சேராது. அது ஓட்டும் நீரைப் பொறுத்தது: நந்திக்கடல் களப்பு போன்ற ஆழமற்ற இடத்துக்கு அகன்ற குட்டை அலகு, குளத்தின் ஆழமான பகுதிக்கு ஒடுங்கிய நீள அலகு.

கேள்வி (மாங்குளம்): ஊர்த் தச்சர் முதிரை மரத்தில் துடுப்புச் செய்து தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: தச்சரை நம்பலாம், மரத்தைத்தான் மாற்ற வேண்டும். பாரமான முதிரையும் பாலையும் கதவுக்கும் தூணுக்கும் உரியவை. நிமிடத்துக்கு 50 வீச்சு என்றால் மணிக்கு 3,000. ஒவ்வொரு வீச்சிலும் 200 கிராம் அதிகம் தூக்கினால் ஒரு மணி நேரத்தில் 600 கிலோ வீண் சுமை. மலைவேம்பு இலேசானது. அதில் செய்து, அலகின் நுனிக்கு மட்டும் பைபர் கிளாஸ் பூசச் சொல்லுங்கள். கல்லில் பட்டாலும் தாங்கும். கைபடும் இடத்தில் வார்னிஷ் வேண்டாம், எண்ணெய் போதும். வார்னிஷ் கொப்புளம் போடும்.

கேள்வி (கிளிநொச்சி): வலப்பக்கம் வலித்தால் கனூ இடப்பக்கம் திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் பக்கம் மாற்ற அலுப்பாக இருக்கிறது.

பதில்: திரும்பத்தான் செய்யும், ஒரு பக்கத்திலிருந்து தள்ளினால் முனை மறுபக்கம் போகும். முதலில் வீச்சைச் சுத்தமாக்குங்கள். தண்டு செங்குத்தாக நிற்க வேண்டும், அலகு முழுதாக மூழ்க வேண்டும், படகின் நடுக்கோட்டுக்கு இணையாகப் பின்னே வர வேண்டும். பக்கச் சுவரின் வளைவைத் தொடர்ந்து வலித்தால் படகு திரும்புவதில் பாதி அதனால்தான். துடுப்பு இடுப்பைத் தாண்டியதும் மேல்கையின் பெருவிரல் கீழ்நோக்கி வரும்படி மணிக்கட்டைத் திருப்பி, அலகை வெளிப்புறமாகச் சற்றே தள்ளுங்கள். இதுதான் ஜே வீச்சு. பெருவிரலை மேலே வைத்துச் சுக்கான்போலத் தள்ளினாலும் படகு நேராகும், ஆனால் ஒவ்வொரு தடவையும் வேகம் குறையும். அலைக்குள் மாட்டினால் அதையும் பயன்படுத்தலாம், குறையில்லை.

உட்கார்ந்து ஓட்டுபவருக்கு மாற்றுவழி உண்டு: ஏறத்தாழ 12 பாகை வளைந்த தண்டுள்ள துடுப்பு. ஆறேழு வீச்சுக்கு ஒருமுறை பக்கம் மாற்றினால் திருத்தமே தேவைப்படாது. முழந்தாளிடுபவருக்கு அது பொருந்தாது. ஜே வீச்சுக்கு நேர்த்தண்டுதான் இதம்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): கயாக்கின் இரட்டை அலகுத் துடுப்பைக் கனூவில் பயன்படுத்தலாமா?

பதில்: பயன்படுத்தலாம். ஆனால் கனூ அகலம், இருக்கையும் உயரம். 220 சென்ரிமீற்றர் நீளத் துடுப்புப் போதாது. 240 முதல் 260 வரை பாருங்கள். தொடை நனைவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி (வவுனியா): இருவர் கனூவைத் தனியாக இரணைமடுவில் ஓட்டுகிறேன். சோளகக் காற்றில் முனை நிற்பதேயில்லை.

பதில்: பின் இருக்கையில் அமர்ந்திருப்பீர்கள். முனை மேலெழும்பிக் காற்றுக்குப் பாயாகிவிடுகிறது. இரு முனைகளும் ஒரே வடிவம் என்றால் படகைத் திருப்பிவைத்து, முன் இருக்கையில் பின்புறம் பார்த்து அமருங்கள், நடுவுக்கு நெருங்கிவிடுவீர்கள். 20 லீற்றர் தண்ணீர்க் கான் ஒன்றை முன்னே கட்டுங்கள். காற்றை எதிர்த்துப் போகும்போது பாரம் முன்னே, காற்றோடு போகும்போது பின்னே. அணைக்கட்டு வடக்கே இருப்பதால் தென்மேற்குச் சோளகம் உங்களை அதன் கற்களை நோக்கித்தான் தள்ளும். திரும்பி வர வலு இருக்கும்போதே திரும்புங்கள். உயிர்காப்பு அங்கி இல்லாமல் இறங்க வேண்டாம். மாரியில் குளம் நிரம்பி வான் பாயும் நாட்களில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கேள்வி (முள்ளியவளை): முதலை?

பதில்: குளங்களில் உண்டு. எந்தக் கரையில் படுக்கிறது என்று மீனவர்களிடம் கேட்டு, வேறு கரையில் இறங்குங்கள்.