ஆறு கடலில் சேரும் இடத்தில் கரை முக்குளிப்பு: கேள்வி பதில்

மலேசியாவில் போர்ட் டிக்சன் வட்டாரத்து லுக்குட், சிலியாவ், லிங்கி பக்கத்துத் தோட்டங்களிலிருந்து காற்றுச் சிலிண்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், கரையிலிருந்தே கடலில் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். படகுச் செலவு கிடையாது, ஆழமும் ஐந்தாறு மீட்டர்தான், அதனால் சுலபம் என்ற நினைப்பு. ஆற்றுத் தண்ணீர் வந்து கலக்கிற இடத்தில் அந்த நினைப்பு செல்லாது. வந்த கேள்விகளில் ஈயக் கட்டியை (முங்குவதற்காக உடம்பில் கட்டும் பாரத்தை) பற்றியவைதான் அதிகம் என்பதால் அதிலிருந்தே தொடங்கலாம்.

கேள்வி (லுக்குட்): அண்ணே, தியோமான்ல லைசன்ஸ் எடுத்தப்போ 6 கிலோ ஈயம் சரியா இருந்துச்சு. இங்க ஆத்துவாய் பக்கம் இறங்கினா மேல் தண்ணியில விறுவிறுன்னு போயிடுறேன். மூணு மீட்டர் வந்ததும் அதுக்குக் கீழ இறங்கவே மாட்டேங்குது. ஈயத்தைக் கூட்டணுமா, குறைக்கணுமா?

இரண்டும் வேண்டாம் தம்பி. நீங்கள் ஒரே முங்கில் இரண்டு விதமான தண்ணீரில் இருக்கிறீர்கள். ஆள், சிலிண்டர், சாமான் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 100 லிட்டர் தண்ணீரை விலக்கும் என்று வையுங்கள். 100 லிட்டர் நல்ல தண்ணீர் 100 கிலோ. அதே அளவு கடல் தண்ணீர் ஏறக்குறைய 102.5 கிலோ. ஆகவே கடலில் உங்களைத் தூக்கிப் பிடிக்கிற விசை, ஆற்றுத் தண்ணீரில் 2 முதல் 2.5 கிலோ வரை குறைந்துவிடும். உப்புத் தண்ணீர் பாரமானது, அதனால் கீழே கிடக்கும். ஆற்றுத் தண்ணீர் அதன்மேல் பரவி ஓடும்.

மேல்மட்டத்தில் வேகமாக இறங்குகிறோமே என்று பி.சி.டி.யில் (காற்று அடைத்து மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் சட்டையில்) காற்று ஊதியிருப்பீர்கள். அந்தக் காற்றோடு உப்புத் தண்ணீரைத் தொட்டதும் உடம்பு இறங்க மறுக்கிறது. குறை ஈயத்தில் இல்லை, அந்தக் காற்றில் இருக்கிறது. உப்பு மட்டத்தைத் தொடும்போது இரண்டு மூன்று தடவை சுருக்காகக் காற்றை விடுங்கள், இறங்கிவிடுவீர்கள்.

ஈயத்தை எப்போதும் உப்புத் தண்ணீருக்கே கணக்குப் பண்ணுங்கள். சோதனையை ஆற்றுவாயில் செய்யாதீர்கள்; ஓடை எதுவும் சேராத கடற்கரையில், முக்குளிப்பு முடிந்து சிலிண்டரில் 50 பார் (பார் என்பது காற்றழுத்த அளவு) இருக்கும்போது செய்யுங்கள். பி.சி.டி.யைக் காலி பண்ணி, சாதாரணமாக மூச்சு இழுத்து அசையாமல் நில்லுங்கள். தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும், மூச்சை விட்டால் மெதுவாக இறங்க வேண்டும். முழுச் சிலிண்டரோடு சோதித்தால் 2 கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டர் 200 பாரிலிருந்து 50 பாருக்கு இறங்குவதற்குள் 2 கிலோ காற்றைச் செலவழித்துவிடும்.

இதில் பலர் தடுமாறுவது ஏறி வரும்போதுதான். மேலே வரவரக் காற்றை விட வேண்டும் என்றுதான் வகுப்பில் பழகியிருப்போம். இங்கே உப்பிலிருந்து நல்ல தண்ணீருக்குள் நுழைந்ததும் 2 கிலோ கனத்துப்போவீர்கள். எல்லை மட்டத்தில் ஒரு நிமிஷம் நின்று, சிறிது சிறிதாகக் காற்று கொடுத்துத்தான் மேலே வர வேண்டும். ஒரேயடியாக ஊதினால் பட்டென்று மேலே கொண்டுபோய்விடும். 3 மீட்டரில் இருக்கிற 2 லிட்டர் காற்று மேற்பரப்பில் 2.6 லிட்டராக விரியும். மூச்சை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அடக்காதீர்கள். சிலிண்டர் காற்றை இழுத்து அடக்கிக்கொண்டு ஒன்றரை மீட்டர் ஏறினாலே நுரையீரல் கிழியக்கூடும். ஆழம் குறைவு என்பதால் இந்த ஆபத்து குறையாது. மேற்பரப்பை ஒட்டிய முதல் சில மீட்டரில்தான் காற்று அதிகமாக விரியும்.

கேள்வி (சிரம்பான்): எனக்கு மாஸ்க் நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டு மூணு மீட்டர்ல திடீர்னு எல்லாம் கலங்கலாத் தெரியுது, கைக்கடிகாரத்து எண் கூடப் படிக்க முடியல. கண்ணுல கோளாறா அண்ணே?

கண்ணும் மாஸ்க்கும் சரியாகத்தான் இருக்கின்றன, அக்கா. உப்பும் நல்ல தண்ணீரும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைக்கின்றன. இரண்டும் கலக்கும் மட்டத்தில், தண்ணீரில் சர்க்கரைப் பாகு கரையும்போது நெளிவது போல எல்லாம் நெளியும். அதற்குள் ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) அடித்தால் இன்னும் கலக்கிவிடுவீர்கள். அரை மீட்டர் மேலேயோ கீழேயோ போனால் தெளிந்துவிடும். இருவர் போகும்போது ஒருவர் பின்னால் ஒருவராகப் போகாமல் பக்கத்தில் பக்கத்தில் போங்கள். முன்னால் போகிறவர் கலக்கிவிட்டதைப் பின்னால் வருகிறவர் பார்க்க வேண்டியிருக்காது. காதிலும் முகத்திலும் சட்டென்று சூடோ குளிரோ மாறினால் எல்லை மட்டத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம்.

கேள்வி (லிங்கி, தோட்டத்தில் கிராணி): எந்த நேரத்துல இறங்கறது? கூட வர்றவங்க தண்ணி ஏறி நிக்கும்போதுன்னு சொல்றாங்க, சிலர் வத்தி நிக்கும்போதுங்கறாங்க.

ஏறி நிற்கும்போதுதான் சார். வற்றத்தில் கடல் ஒரு வழியாக நின்றாலும் ஆறு நிற்காது, வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ஏற்றத்தின் முடிவில்தான் கடலும் ஆறும் ஒன்றையொன்று தடுத்துக் கொஞ்ச நேரம் அமைதியாகும், தெளிந்த உப்புத் தண்ணீரும் அப்போதுதான் உள்ளே வந்திருக்கும்.

மலாக்கா நீரிணையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒரு ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றத்துக்கு 12 மணி 25 நிமிஷம், ஆகவே இன்றைய நேரம் நாளைக்கு 50 நிமிஷம் தள்ளிப்போகும். கடற்படையின் நீரளவியல் பிரிவும் நில அளவைத் துறையான ஜூப்பெமும் ஏற்ற வற்ற அட்டவணை வெளியிடுகின்றன. உங்கள் இடத்துக்குப் பக்கத்துத் துறைமுகத்தின் அட்டவணையைப் பாருங்கள், கிள்ளான் அட்டவணையைப் போர்ட் டிக்சனுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். கிள்ளானில் பௌர்ணமி, அமாவாசை நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 4 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். போர்ட் டிக்சனில் ஏறக்குறைய அதில் பாதிதான்.

வற்றம் ஆறு மணி நேரம் என்று வைத்தால் 12 பங்கில் முதல் மணியில் 1, அடுத்து 2, பிறகு 3, 3, 2, 1 என்று இறங்கும். நடுவில் வரும் இரண்டு மணி நேரத்திலேயே பாதித் தண்ணீர் போய்விடுகிறது. ஆற்று ஓட்டமும் அதோடு சேர்ந்தால் ஃபின் போட்டு எதிர்த்து வர முடியாது. அதனால் அட்டவணையில் போட்டிருக்கிற உச்ச நேரத்துக்கு 40 நிமிஷம் முன்னால் இறங்கி, உச்சத்துக்குப் பிறகு 20 நிமிஷத்துக்குள் கரையேறிவிடுங்கள். வளர்பிறை, தேய்பிறை எட்டாம் நாளை ஒட்டி வித்தியாசம் குறைவாக இருக்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அந்த நாள்களே நல்லது.

அட்டவணையை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். கரையில் 10 மீட்டர் அளந்து இரண்டு குச்சி நடுங்கள். காய்ந்த செம்பனை மட்டைத் துண்டைத் தண்ணீரில் போட்டு, ஒரு குச்சியிலிருந்து மற்றதுக்குப் போக எத்தனை வினாடி என்று பாருங்கள். 20 வினாடி என்றால் நீரோட்டம் ஏறக்குறைய ஒரு நாட் (கடல் வேக அளவு). நல்ல பயிற்சி உள்ளவரும் அதை எதிர்த்துச் சில நிமிஷம்தான் நீந்த முடியும். 40 வினாடிக்குக் குறைந்தாலே அன்றைக்கு வேண்டாம். மட்டை காட்டுவது மேல்மட்டத்தை மட்டும்தான். தண்ணீர் ஏறும்போது மேலே ஆறு வெளியே ஓட, அடியில் உப்பு உள்ளே போய்க்கொண்டிருக்கும். இதைப் பார்க்க, கயிற்றின் நுனியில் 1 கிலோ ஈயம் கட்டி, மீட்டருக்கு ஒரு வெள்ளை ரிப்பன் முடிந்து, படித்துறையிலிருந்தோ பாறையிலிருந்தோ இறக்குங்கள். கண்ணுக்குத் தெரிகிற ஆழம் வரை எந்த ரிப்பன் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சாமானை மாட்ட வேண்டும்.

கேள்வி (சிலியாவ்): நம்ம பக்கம் மழையே இல்ல, ஆனா தண்ணி டீ மாதிரி இருக்கு. ஏன்?

மழை சிரம்பானில் பெய்திருக்கும். லிங்கி ஆறு அந்தப் பக்கத்துத் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டுதான் வருகிறது. உங்கள் ஊர் வானத்தைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை, ஆற்றின் தலைப்பகுதி மழையைப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களும் அக்டோபர், நவம்பரும் மேற்குக் கரைக்கு மழைக்காலம்.

ஆற்றில் மிதந்து வரும் களிமண் துகள்கள் உப்பைத் தொட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகித் தாழும். அதனால்தான் ஆற்றுக்குள்ளும் வெளிக்கடலிலும் இருப்பதைவிட, இரண்டும் சேரும் இடத்திலேயே கலங்கல் அதிகம். இறங்குவதற்கு முன் 30 சென்டிமீட்டர் வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்குங்கள். ஒன்றரை மீட்டருக்குள் தட்டு மறைந்தால் சாமானை வண்டியிலேயே விட்டுவிடுங்கள். மேலே கலங்கி அடியில் தெளிவாக இருக்கும் நாளும் உண்டுதான், ஆனால் அந்த மூடிக்குக் கீழே வெளிச்சம் குறைவு, படகுக்காரருக்கும் உங்களைத் தெரியாது.

கேள்வி (லிங்கி): நேரா குவாலாவுலயே (ஆத்துவாயிலயே) இறங்கலாமா? முதலை இருக்குங்கறாங்க, நாங்க யாரும் பார்த்ததில்ல.

இறங்கவே கூடாது தம்பி. லிங்கி ஆற்றில் உவர்நீர் முதலை இருக்கிறது. அது ஆற்றோடு நின்றுவிடுவதில்லை, கழிமுகத்தைத் தாண்டிக் கடலிலும் நீந்தும். கலங்கிய தண்ணீரில் அது உங்களைப் பார்க்கும் முன் நீங்கள் அதைப் பார்க்க முடியாது. எச்சரிக்கைப் பலகை இல்லை என்பதும், இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை என்பதும் அனுமதி ஆகாது. கண்டல் மரக் கரை, மீன் கழுவும் படித்துறை, விடியல், அந்தி, இரவு எல்லாமே விலக்கு. பார்த்தால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குத் தகவல் கொடுங்கள்.

ஆற்று முகத்தை விட்டுத் தள்ளியிருக்கிற தஞ்சோங் துவான் போன்ற பாறை முனைகளுக்குப் போங்கள். அங்கே பவளமும் உண்டு. வளைவுக்குள்ளேயே இருங்கள், முனையின் மூக்கைச் சுற்றினால் நீரோட்டம் இழுத்துவிடும். பாறையில் சிப்பி கையைக் கிழிக்கும், ஆகவே கையுறையும் தடித்த அடியுள்ள காலணியும் கட்டாயம். மணலில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துப் போங்கள், திருக்கை விலகிவிடும்.

கேள்வி (கேரித் தீவு): எங்க தோட்டத்துல பண்டு (தடுப்புக் கரை) ஓரம் பரிட் (வடிகால்) கதவு இருக்கு. அது பக்கத்துல தண்ணி தெளிவா இருக்கும்போது முங்கிப் பார்க்கலாமா?

வேண்டாம். அந்தத் தோட்டங்களில் நிலம் கடல் ஏற்ற மட்டத்தைவிடத் தாழ்வு. கடல் ஏறும்போது கதவு மூடும், வற்றும்போது பரிட்டில் தேங்கிய தண்ணீர் முழுக்க அதன் வழியே பாயும். கதவு திறக்கும் நேரம் கடலுக்குத்தான் தெரியும், உங்களுக்குத் தெரியாது. பாய்ச்சலில் கதவுச் சட்டத்தில் அழுத்தி வைத்துவிட்டால் யாராலும் இழுக்க முடியாது. எந்தத் தோட்டத்துக் கதவுக்கும் 100 மீட்டர் தள்ளியே இருங்கள்.

கேள்வி (லுக்குட்): ஆழம் 4 மீட்டர்தானே, ஒரு சிலிண்டர்ல எவ்வளவு நேரம் இருக்கலாம்?

12 லிட்டர், 200 பார், 50 பார் மிச்சம் வைத்தால் 1,800 லிட்டர். மேலே நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் 4 மீட்டரில் 28 லிட்டர் இழுப்பார். ஒரு மணிக்கு மேல் வரும். காற்று இருக்கிறதே என்று தங்கிவிடுவதுதான் வினை. தண்ணீர் திரும்பும் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் வைத்து, அதன்படி ஏறுங்கள்.

கேள்வி (போர்ட் டிக்சன்): கலங்கல்ல வலையில மாட்டிக்கிட்டா?

திரும்பிப் பார்க்கச் சுழலாதீர்கள். சுழன்றால் இன்னும் சுற்றும். நின்று, வந்த வழியே பின்னால் ஒரு முழம் நகருங்கள். நைலான் நரம்பு கண்ணுக்குத் தெரியாது, விரலால் தேடிப் பிடித்து வெட்டுங்கள். கத்திரி ஒன்று நெஞ்சில், நரம்பு வெட்டி ஒன்று கையில், இரண்டும் வேண்டும். கூட்டாளி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். காணவில்லை என்றால் ஒரு நிமிஷம் தேடிவிட்டு இருவரும் மேலே வருவது என்று கரையிலேயே பேசிக்கொள்ளுங்கள். கொடி கட்டிய மிதவை இல்லாமல் போக வேண்டாம், சம்பான்காரருக்கு உங்கள் தலை தெரியாது.

கேள்வி (சுங்காலா): நுரையும் குப்பையும் கோடு மாதிரி நிக்குதே, அதைக் கடக்கலாமா?

அந்தக் கோடுதான் இரண்டு தண்ணீரும் முட்டும் இடம். மரக்கட்டை, பிளாஸ்டிக், அம்பாய்-அம்பாய் (சொறிமீன்) எல்லாம் அங்கே ஒதுங்கும். சுற்றிப் போங்கள். அம்பாய்-அம்பாய் கொட்டிவிட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். காடியை (வினிகரை) 30 வினாடிக்குக் குறையாமல் ஊற்றி, நூல்களை இடுக்கியால் எடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத் திணறினால் உடனே 999. திருக்கையோ கல்மீனோ குத்தினால் வழி வேறு: தாங்கக்கூடிய வெந்நீரில், ஏறக்குறைய 45 டிகிரி, 30 முதல் 90 நிமிஷம் வைத்திருங்கள், காடி அதற்கு உதவாது.

கேள்வி (சிரம்பான்): காலில் சின்னக் கீறல். பிளாஸ்டர் ஒட்டிட்டு இறங்கலாமா?

வேண்டாம் அக்கா. வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றுத் தண்ணீரில் எலிச் சிறுநீர் நோய்க் கிருமி இருக்கலாம், உவர்நீரில் வேறு கிருமியும் உண்டு. இறங்கிய பிறகு நான்கு வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் மருத்துவரிடம் ஆற்றுத் தண்ணீரில் இறங்கினேன் என்று முதலிலேயே சொல்லுங்கள்.

கேள்வி (லுக்குட்): சாமானை எப்படிக் கழுவறது? கடல்ல இறங்கினதை விடச் சீக்கிரம் கெட்டுப்போகுது.

உப்பைவிட வண்டல்தான் கெடுக்கிறது. ரெகுலேட்டரின் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொடுக்கும் கருவியின்) தூசி மூடியைக் காய வைத்துப் போட்டுவிட்டு, வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் 30 நிமிஷம் ஊற வையுங்கள். சிலிண்டரில் மாட்டாமல் ஊறும்போது பர்ஜ் பொத்தானை (வாய்ப்பகுதியில் காற்றைப் பீய்ச்சும் பொத்தானை) அழுத்தாதீர்கள், அழுத்தினால் வண்டல் குழாய்க்குள் ஏறிவிடும். மூச்சிழுக்கும்போது தண்ணீர் துளித்துளியாக வாயில் வந்தால், வெளியேற்றும் ரப்பர் வால்வின் ஓரத்தில் மணல் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். சிலிண்டரில் மாட்டி, தண்ணீருக்குள் வைத்து நன்றாக ஆட்டி பர்ஜ் பண்ணுங்கள். பி.சி.டி.யில் காற்று கொடுக்கும் பொத்தானை விரலால் பத்துத் தடவை அழுத்தி விடுங்கள், உடனே துள்ளி வர வேண்டும். மெதுவாக வந்தால் உள்ளே வண்டல், அடுத்த முங்கில் அழுத்திய இடத்திலேயே நின்று காற்று ஏறிக்கொண்டே போகும். அப்படி நடந்தால் குழாயை உடனே கழற்றிவிட்டு, வாயால் ஊதிச் சமாளித்து மேலே வாருங்கள். இதைக் கண்ணை மூடிக்கொண்டு கையால் செய்யும் அளவுக்கு, இடுப்பளவுத் தண்ணீரில் பழகிவிட்டுத்தான் கலங்கலில் இறங்க வேண்டும்.